தூத்துக்குடிக் கடலில் பிடித்த மீன் மதுரை வரை: நாங்களே செய்த ஐஸ் பெட்டி

நண்பர்களோடு கடலுக்குப் போய்த் தூண்டில் போடுகிறவர்கள் கூடினால் பேச்செல்லாம் ரீல், தங்கூசி (தூண்டில் நரம்பு), இரை, எந்தப் பாரில் (கடலடிப் பாறைத் திட்டில்) மீன் நிற்கிறது என்பதைச் சுற்றியே இருக்கும். பிடித்த மீனை வீடுவரை எப்படிக் கொண்டுவந்தீர்கள் என்று யாரும் கேட்பதில்லை. என்னைக் கேட்டால் பயணத்தின் பாதி வேலை அங்கேதான் இருக்கிறது. காலை ஏழு மணிக்குப் படகில் ஏறிய மீன் மாலை ஆறு மணிக்கு மதுரையில் சட்டிக்குப் போகிறது. நடுவில் பதினோரு மணி நேரம், உச்சி வெயில், நூற்று நாற்பது கிலோமீட்டர் சாலை. தூண்டிலில் எவ்வளவு செலவழித்தாலும் இந்தப் பதினோரு மணி நேரத்தைக் கவனிக்காவிட்டால் தட்டில் வருவது சந்தையில் வாங்கும் மீனைவிட மட்டமாகத்தான் இருக்கும்.

நாங்கள் ஐந்து பேர், எல்லோரும் மதுரை. ஒருவனுடைய தாய்மாமன் தூத்துக்குடிப் பக்கம் ஃபைபர் போட் வைத்துத் தொழில் செய்கிறார். காற்றும் அவருடைய வேலையும் ஒத்து வரும் நாட்களில் எங்களைக் கூட்டிப் போவார். எண்ணெய்ச் செலவு எங்களுடையது. எங்கள் எல்லோருக்குமே அவர் மாமாதான், நாங்கள் எல்லோரும் அவருக்கு மருமகன்கள்தான். அவர் அடிக்கடி சொல்வது: "மருமவனே, மீனு செத்த பொறவு ஐஸைத் தேடக் கூடாது. ஐஸ் மொதல்ல வரணும், மீனு அப்புறம் வரணும்."

முன்பு கடையில் விற்கும் தெர்மாகோல் பெட்டியைத்தான் கொண்டு போவோம். மார்க்கெட்டில் மீன் அனுப்பப் பயன்படுத்துகிறார்களே, அதேதான். அதன் சுவர் ஒரு அங்குலத்துக்கு மேல் இருக்காது. மூடி சும்மா மேலே உட்காரும், இறுக்கம் கிடையாது. அலையில் படகு தூக்கிப் போடும்போது மூலை உடைந்துவிடும். ரத்தம் உள்ளே இறங்கினால் எவ்வளவு கழுவினாலும் வாடை போகாது. திரும்பும் வழியில் எட்டயபுரம் வரை தாங்கும் ஐஸ், அருப்புக்கோட்டை வருவதற்குள் வெதுவெதுப்பான சிவப்புத் தண்ணீராகிவிடும். அந்தத் தண்ணீரில் மீன் மிதந்துகொண்டே வரும். நன்றாக இருந்த விளமீன் தொட்டால் குழிவிழும் நிலைக்கு வந்துவிடும். நல்ல பெட்டிகள் கடையில் இருக்கத்தான் இருக்கின்றன, ஆனால் இந்த அளவில் வாங்கப் போனால் விலை கட்டாது. அதனால் நாங்களே செய்வது என்று முடிவு செய்தோம்.

முதலில் கணக்கு. எவ்வளவு ஐஸ் வேண்டும் என்பதை எல்லோரும் குத்துமதிப்பாகச் சொல்வார்கள், ஆனால் இதைத் தாளில் போட்டுப் பார்க்கலாம். ஒரு கிலோ ஐஸ் உருகும்போது 80 கிலோகலோரி வெப்பத்தை இழுத்துக்கொள்ளும். ஒரு கிலோ மீனை ஒரு டிகிரி குளிரவைக்க ஏறக்குறைய 0.85 கிலோகலோரியை வெளியே எடுக்க வேண்டும். நம் கடலில் மீன் ஏறும்போது 28, 30 டிகிரியில் இருக்கும். ஆக, 20 கிலோ மீனைப் பூச்சியத்துக்குக் கொண்டுவரவே ஆறரை கிலோ ஐஸ் போய்விடும். அதன் பிறகுதான் சுவர் வழியாக உள்ளே வரும் சூட்டின் கணக்கு ஆரம்பம்.

பெட்டியின் உள்ளளவை 80 செ.மீ. நீளம், 35 அகலம், 35 உயரம் என்று வைத்தோம். நூறு லிட்டருக்குச் சற்றுக் குறைவு. குறுக்காக வைத்தால் 87 செ.மீ. வரை நீளமான மீன் மடங்காமல் படுக்கும். எங்களுக்குக் கிடைக்கும் ஊழிக்கும் வஞ்சிரத்துக்கும் அது போதும். சுவரில் 50 மி.மீ. தெர்மாகோல் வைத்து, பெட்டிக்கு உள்ளே இருப்பதைவிட வெளியே 30 டிகிரி சூடு கூட இருப்பதாகக் கணக்குப் போட்டால் மணிக்கு 400 கிராம் ஐஸ் உருக வேண்டும். அதிகாலை மூன்று மணிக்கு ஐஸ் ஏற்றி மாலை ஆறு மணிக்கு வீடு வந்தால் 15 மணி நேரம், அதாவது 6 கிலோ. மீனோடு கலக்கும் கடல்தண்ணீரைக் குளிரவைக்க இன்னும் நாலரை கிலோ. கூட்டினால் 17 கிலோ வருகிறது. மூடியைத் திறந்து திறந்து மூடுவதற்கும் வெயிலுக்கும் சேர்த்து 25 கிலோ என்று நிறுத்திக்கொண்டோம். ஐஸ் கம்பெனியில் விற்கும் 50 கிலோ கட்டியில் பாதி.

தெர்மாகோலைவிட பஃப் எனப்படும் பாலியூரித்தேன் நுரை நல்லது, அதே தடிமனில் மூன்றில் ஒரு பங்கு சூட்டைக் குறைக்கும். ஆனால் ஊற்றுவதற்கு ஆளும் அச்சும் வேண்டும், சரியாக ஊற்றாவிட்டால் நடுவில் காற்றுப் பொந்து விழும். கையால் வெட்டி ஒட்ட தெர்மாகோல்தான் வசதி. ஆனால் பள்ளிக்கூட மாடல் செய்ய விற்கும் லேசான சீட் உதவாது. கன மீட்டருக்கு 20 கிலோவுக்குக் குறையாத அடர்த்தி என்று கேட்டு வாங்க வேண்டும். விரலால் அழுத்தினால் பள்ளம் விழக் கூடாது. 50 மி.மீ. சீட் ஒன்றுக்குப் பதிலாக 25 மி.மீ. சீட் இரண்டு வாங்கினோம். இரண்டு அடுக்கின் இணைப்புகளும் ஒரே இடத்தில் வராமல் மாற்றி மாற்றி வைத்தால் இடுக்கு வழியாகச் சூடு நேராக உள்ளே நுழையாது.

பலகைக்கு ஐ.எஸ். 710 முத்திரை போட்ட மரைன் ப்ளைவுட்: உள் பெட்டிக்கு 6 மி.மீ., வெளிப் பெட்டிக்கு 9 மி.மீ. அதன்மேல் ஃபைபர் பூச்சு. படகு கட்டும் யார்டுகளில் பயன்படுத்தும் அதே பாலியெஸ்டர் ரெசினும், சதுர மீட்டருக்கு 450 கிராம் எடையுள்ள கண்ணாடியிழை மேட்டும்தான். தூத்துக்குடியில் இதெல்லாம் தேட வேண்டியதே இல்லை.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பாலியெஸ்டர் ரெசின் தெர்மாகோலைத் தின்றுவிடும். ரெசினில் இருக்கும் ஸ்டைரீன் என்ற திரவத்தில் தெர்மாகோல் கரைந்துபோகும். ஒரு துண்டுத் தெர்மாகோலில் இரண்டு சொட்டு ரெசினை விட்டுப் பார்த்தால் தெரியும், கண்ணெதிரே குழிந்து பிசினாகிவிடும். தெர்மாகோல் பெட்டிமேல் நேராக ஃபைபர் அடிக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அப்படி அடிக்க எபாக்சி வேண்டும், அதன் விலை வேறு. அதனால்தான் ப்ளைவுட்டை இடையில் வைக்கிறோம். ரெசின் முழுதாக இறுகிய பிறகு தெர்மாகோல் பக்கத்தில் இருந்தால் ஒன்றும் ஆகாது. ரப்பர் சொல்யூஷன் பசையும் இதே வேலையைச் செய்யும், ஆகவே ஒட்டுவதற்கு மர வேலைக்கான வெள்ளைப் பசைதான்.

வேலையின் வரிசையும் இதைப் பொறுத்ததே. முதலில் உள் பெட்டியை மட்டும் தனியாக முடித்தோம். 6 மி.மீ. பலகைகளைப் பசையும் ஸ்டெயின்லெஸ் ஆணியும் வைத்து இணைத்து, உள்மூலைகள் எல்லாவற்றையும் ரெசினும் டால்க் பவுடரும் குழைத்த பட்டியால் நிரப்பி, விரல் அகலத்துக்கு வளைவாக இழுத்துவிட்டோம். இந்த வளைவுக்கு இரண்டு காரணம் உண்டு. நேர்மூலையில் ஃபைபர் மேட் மடங்கி உட்காராது, எழும்பிக்கொண்டு அடியில் காற்றை விட்டுவிடும். அப்புறம், நேர்மூலையில் செதிலும் ரத்தமும் சேர்ந்தால் பிரஷ் உள்ளே போகாது. பெட்டி நாறுவது எப்போதும் மூலையில்தான் ஆரம்பிக்கும்.

ரெசின் கலக்கும்போது கவனம். ஒரு கிலோ ரெசினுக்கு 10 மில்லி கோபால்ட் (இறுகுவதை வேகப்படுத்தும் திரவம்), நன்றாகக் கலக்கிய பிறகு 10 மில்லி ஹார்டனர் (இறுகவைக்கும் திரவம்). மதுரை வெயிலுக்கு இதற்குமேல் வேண்டாம், வாளியிலேயே இறுகிவிடும். கோபால்ட்டையும் ஹார்டனரையும் ஒருபோதும் நேரடியாக ஒன்றோடொன்று சேர்க்கக் கூடாது. தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். இரண்டுக்கும் வேறு வேறு அளவுக் குப்பி வைத்தோம், வேறு வேறு ஆள் கையில் கொடுத்தோம். ஹார்டனர் கண்ணில் தெறித்தால் பார்வையே போகலாம், கண்ணாடி போடாமல் யாரையும் பக்கத்தில் விடவில்லை. ஒரு தடவைக்கு அரை கிலோவுக்கு மேல் கலக்கவில்லை. மொட்டை மாடியில், காற்றோட்டத்தில், மாலை நேரத்தில்தான் வேலை.

மேட்டை விரித்து ரோலரால் ரெசினைத் தோய்க்கும்போது வெள்ளையாக இருக்கும் இழை மெல்ல மெல்ல எண்ணெய் பட்ட காகிதம் போலக் கண்ணாடியாகிவிடும். எங்கே வெள்ளைப் புள்ளி நிற்கிறதோ அங்கே காற்று மாட்டியிருக்கிறது என்று அர்த்தம். அதை ரோலரால் அழுத்தி ஓரத்துக்குத் தள்ளி வெளியேற்ற வேண்டும். உட்புறத்துக்கு இரண்டு அடுக்கு மேட் போட்டோம். அதன்மேல் மெழுகு கலந்த வெள்ளை ஜெல்கோட், அதாவது வழவழப்பான மேல்பூச்சு ரெசின். மெழுகு இல்லாவிட்டால் பாலியெஸ்டர் மேற்பரப்பு காற்றுப்பட்ட இடத்தில் பிசுபிசுவென்றே நிற்கும், முழுக்க இறுகாது. மீன் படுக்கிற இடம் அப்படி இருக்கக் கூடாது. உள் பெட்டியின் வெளிப்பக்கப் பலகைக்கும் ஒரு கோட் ரெசின் அடித்து இறுக விட்டோம்.

தண்ணீர் வெளியேற ஒரு மூலையில் ஒரு அங்குலக் குழாய். பி.வி.சி.யில் ரெசின் சரியாகப் பிடிக்காது. உப்புத்தாளால் நன்றாகச் சொரசொரப்பாக்கி, உள்ளே விளிம்புக்குப் பி.யு. சீலன்ட் வைத்து, வெளியே மரை மூடி போட்டோம். பெட்டியின் தரை அந்த மூலைக்கு ஒரு சென்டிமீட்டர் சரிவாக இருக்கும்படி பார்த்துக்கொண்டோம். பிறகு உள் பெட்டியில் தண்ணீர் நிரப்பி ராத்திரி முழுக்க விட்டோம். தெர்மாகோலைச் சுற்றிவிட்ட பிறகு ஒழுக்கு தெரிந்தால் எல்லாவற்றையும் பிரிக்க வேண்டும், அதனால் இந்தச் சோதனையைத் தள்ளிப்போடவே கூடாது.

ஒழுக்கு இல்லை என்று தெரிந்த பிறகு தெர்மாகோல் இரண்டு அடுக்கு, இடுக்குகளில் டின்னில் வரும் நுரை, அதன்மேல் 9 மி.மீ. வெளிப்பலகை. வெளிப்பலகையின் இணைப்புகளை முதலில் பட்டியால் அடைத்தோம், அப்போதுதான் வெளியே அடிக்கும் ரெசின் உள்ளே வடிந்து தெர்மாகோலைத் தொடாது. உள்ளிருந்து வெளியே ஊடுருவும் ஆணி ஒன்றுகூட வைக்கவில்லை. இரும்பு எங்கே போகிறதோ சூடும் அங்கே போகும். கைப்பிடிக்கு இரும்பு வளையம் வேண்டாம் என்று பக்கவாட்டில் மரக்கட்டை வைத்து 12 மி.மீ. நைலான் கயிறு கோத்தோம். ஈரக் கையோடு, ஆடுகிற படகில் தூக்கும்போது கயிறுதான் நிற்கும்.

மூடிதான் பெட்டியின் உயிர். அதற்கு 75 மி.மீ. தெர்மாகோல் வைத்தோம், வெயில் நேராக விழுவது அதன்மேல்தானே. அடிப்பக்கம் ஒரு படி இறக்கி, அது பெட்டிக்குள் பொருந்தி உட்காரும்படி செய்தோம். விளிம்பைச் சுற்றிக் கார் கதவுக்குப் போடும் ரப்பர் பீடிங். ஒரு நோட்டுத் தாளை இடையில் வைத்து மூடி இழுத்துப் பார்த்தோம். தாள் எளிதாக உருவி வந்த இடங்களில் ரப்பருக்கு அடியில் இன்னொரு பட்டை வைத்தோம். வெளியே முழுக்க வெள்ளை.

காலிப் பெட்டி 25 கிலோ தேறும். லேசானதில்லை, ஆனால் அலையில் நகராது. ரெசின் வாடை போக ஒரு வாரம் வெயிலில் திறந்து வைத்து, சுடுதண்ணீரும் சோப்பும் போட்டுத் தேய்த்தோம். பிறகு பத்து கிலோ ஐஸைப் போட்டு நிழலில் வைத்து, குழாய் வழியாக வரும் தண்ணீரை அளந்தோம். மணிக்கு அரை லிட்டருக்குச் சற்றுக் குறைவாக வந்தது. தாளில் போட்ட கணக்குக்குப் பக்கத்தில் வந்தது எங்களுக்குப் பெரிய திருப்தி.

இப்போது கடலுக்கு வருகிறேன்.

ஜூன் முதல் கச்சான் காற்று (தென்மேற்குக் காற்று) அடிக்கிற மாதங்களில் சின்னப் படகில் போவதை நாங்கள் நினைப்பதே இல்லை. வாடைக் காற்று தணிந்து, தை, மாசி, பங்குனியில் கடல் படிந்திருக்கும்போதுதான் போவோம். முந்தின நாளே வானிலைத் துறையின் எச்சரிக்கையையும், இன்காய்ஸ் என்ற மத்திய அரசின் கடல் தகவல் மையம் வெளியிடும் அலை, காற்று முன்னறிவிப்பையும் பார்த்துவிடுவோம். எல்லோருக்கும் லைஃப் ஜாக்கெட், எல்லோரிடமும் அடையாள அட்டை. மாமா வேண்டாம் என்றால் வேண்டாம்தான், அதில் பேச்சே இல்லை. தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையே உள்ள 21 தீவுகளும் 1986இல் அறிவிக்கப்பட்ட கடல்சார் தேசியப் பூங்காவில் வருகின்றன. அந்தப் பக்கம் போய்த் தூண்டில் போடுவதோ இறங்குவதோ கிடையாது. பவளப் பாறைகள் இருக்கிற அந்த இடம் தப்பித்தால்தான் வெளியே இருக்கும் பாரிலும் மீன் நிற்கும் என்று மாமாவே சொல்வார்.

கிளம்புமுன் உடைத்த ஐஸ் 25 கிலோ பெட்டிக்குள் போய்விடும். கட்டியாகப் போடக் கூடாது. கட்டி மெதுவாக உருகும், ஆனால் மீனைத் தொடும் பரப்பு குறைவு. கடல்தண்ணீரைத் துறைமுகத்துக்குள் மொள்ளாமல் வெளியே தெளிந்த இடத்துக்கு வந்த பிறகுதான் ஊற்றுவோம். உள்ளே மிதக்கும் எண்ணெயும் கழிவும் மீனுக்கு வேண்டாம். ஐஸ் இரண்டு பங்கு, தண்ணீர் ஒரு பங்கு. உப்பு இருப்பதால் அந்தக் கலவை பூச்சியத்துக்கும் கீழே, ஏறக்குறைய மைனஸ் ஒன்று வரை இறங்கும். வெறும் ஐஸில் மீனின் பாதி உடம்பு காற்றைத்தான் தொட்டுக்கொண்டிருக்கும். இந்தக் கலவையிலோ தலை முதல் வால் வரை எல்லாப் பக்கமும் குளிர் தொடும். பகலில் இதற்கு நிகர் இல்லை.

பத்துப் பன்னிரண்டு பாகம் (ஒரு பாகம் ஏறக்குறைய ஆறு அடி) ஆழத்தில் பார் இருக்கும் இடத்தில் நங்கூரம் போட்டு, நீவாடு (நீரோட்டம்) எந்தப் பக்கம் இழுக்கிறது என்று பார்த்துத் தூண்டிலை இறக்குவோம். கணவாய்த் துண்டுக்கு விளமீனும் கலவாவும் வரும். பாரை மீன் உயிருள்ள சாளைக்கு வரும். சின்னக் கலவா வந்தால் உடனே தண்ணீருக்குத் திருப்பிவிடுவோம். பேத்தை மீன் ஏறினால் அதற்கு வீட்டுக்கு வர அனுமதியே இல்லை. அதன் நஞ்சு சமைத்தாலும் போகாது.

மீன் ஏறியதும் செய்யும் வேலையில்தான் எங்கள் கூட்டம் முழுக்க மாறியிருக்கிறது. ஒருவன் தூண்டிலைக் கழற்றுவான், இன்னொருவன் தலையில் ஒரே அடி. துடிக்க விடக் கூடாது. துடிக்கத் துடிக்கச் சதை சூடேறும், கன்றிப்போகும். அடுத்து செவுளுக்குள் கத்தியை விட்டு ஒரு வெட்டு, தலைகீழாகக் கடல்தண்ணீர் வாளியில் ஐந்து நிமிஷம். வாளித் தண்ணீர் சிவந்து வரும்போது செவுள் வெளுத்துக்கொண்டே வரும். ரத்தம் இறங்கிவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம். அதன் பிறகு ஐஸ் தண்ணீருக்குள். மொத்தமாகப் பத்து நிமிஷம்கூட ஆகாது.

சூரை ஏறினால் மற்ற வேலையை நிறுத்திவிட்டு முதலில் அதைக் கவனிப்போம். சூரையின் உடம்பு சுற்றியுள்ள தண்ணீரைவிடச் சூடானது, ரத்தமும் அதிகம். இன்னொரு விஷயம், சூரை, அயிலை, சாளை போன்ற மீன்கள் வெயிலில் கிடந்தால் சதையில் ஹிஸ்டமின் உருவாகும். சாப்பிட்டால் முகம் சிவந்து, தலை வலித்து, உடம்பு தடித்துவிடும். மீன் ஒத்துக்கொள்ளவில்லை என்று பலர் நினைப்பது பல நேரம் இதுதான். எவ்வளவு கொதிக்கவைத்தாலும் ஹிஸ்டமின் அழியாது. ஐஸ் ஒன்றுதான் வழி, அதுவும் உடனே.

குச்சி வைத்த டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்று எப்போதும் பெட்டியோடு இருக்கும். மூன்று கிலோ பாரை மீனின் முதுகுத் தடிப்பில் குத்திப் பார்த்தால் ஏறியவுடன் 29 காட்டும். கலவைக்குள் போட்டு ஐந்து டிகிரிக்கு வர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். உள்ளங்கை அகல நகரை மீன் அரை மணியில் குளிர்ந்துவிடும். தடிமன் இரட்டிப்பானால் குளிரும் நேரம் ஏறக்குறைய நான்கு மடங்காகும். பெரிய மீன்தான் முதலில் உள்ளே போக வேண்டும், அதை வைத்துக்கொண்டு போட்டோ எடுக்கும் நேரத்தைச் சுருக்க வேண்டும் என்று சொல்வது இதனால்தான். மீன் பத்து டிகிரியில் இருந்தால் பூச்சியத்தில் கெடுவதைப் போல நான்கு மடங்கு வேகமாகக் கெடும். ஆக, "கொஞ்சம் ஜில்லுன்னு இருக்கு" என்பது போதாது.

மதியம் கடல்காற்று ஏறும் முன் கரை சேர்ந்துவிடுவோம். கரையில் செய்யும் வேலை இரண்டு. முதலாவது, குழாயைத் திறந்து தண்ணீர் முழுவதையும் வடிப்பது. அதற்குள் நிறைய ஐஸ் உருகி உப்பு நீர்த்துப்போயிருக்கும். நல்ல தண்ணீரில் நேரம் போகப் போக மீனின் நிறமும் ருசியும் வெளியேறும். தண்ணீரோடு பெட்டியைத் தூக்கவும் முடியாது. இரண்டாவது, பெரிய மீன்களின் குடலையும் செவுளையும் எடுத்து, வயிற்றுக்குள் ஐஸை அடைத்து, வயிறு கீழே பார்க்க அடுக்குவது. ஐஸ் ஒரு வரிசை, மீன் ஒரு வரிசை, மேலே கனமாக ஐஸ். கரையில் புதிதாக ஐந்தாறு கிலோ வாங்கிச் சேர்த்துவிடுவோம். காரில் குழாயோடு ஒரு ரப்பர் டியூபைச் சொருகி மறுமுனையை ஒரு கேனுக்குள் விட்டால் உருகும் தண்ணீர் தானாகப் போய்விடும், மீன் தண்ணீரில் நிற்காது. வண்டியிலும் வாடை வராது.

அருப்புக்கோட்டையில் டீ குடிக்க நிறுத்தும்போது ஒரு முறை மூடியைத் திறந்து பார்ப்போம். ஐஸ் ஐஸாகவே இருக்கும். பூச்சியத்துக்கு அரை டிகிரி மேலே காட்டும் மீனைப் பார்க்கிற சந்தோஷம், அதைப் பிடித்தபோது இருந்த சந்தோஷத்துக்குக் கொஞ்சமும் குறைந்ததில்லை.

வீட்டு வாசலில் தார்ப்பாய் விரித்துக் கூறு போடுவோம். ஒவ்வொரு கூறிலும் எல்லா வகையும் கொஞ்சம் வரும்படி ஒருவன் பிரிப்பான். இன்னொருவன் திரும்பி நின்றுகொண்டு "இது யாருக்கு?" என்ற கேள்விக்குப் பெயரைச் சொல்வான். மாமாவின் பங்கைக் கரையிலேயே, அவர் கேட்கும் மீனாகக் கொடுத்துவிட்டுத்தான் வந்திருப்போம்.

முதல் தடவை இந்தப் பெட்டியிலிருந்து எடுத்த விளமீனைப் பார்த்து அம்மா முகத்தைச் சுளித்தார். "கண்ணு வெளுத்துப் போயிருக்கேப்பா, நேத்துப் பிடிச்சதா?" என்றார். ஐஸ் தண்ணீரில் கிடந்த மீனுக்குக் கண் மங்கத்தான் செய்யும், அது கெட்டதற்கு அடையாளம் இல்லை. மீனைக் கையில் கொடுத்து முகர்ந்து பார்க்கச் சொன்னேன். கடல் வாசம் மட்டும்தான் இருந்தது. முதுகில் கட்டைவிரலை அழுத்தினார், சதை உடனே எழும்பி நின்றது. "சரி, புளியை ஊற வை" என்றார்.

அன்றே வறுக்கும்போது துண்டு சட்டியில் வளைந்து சுருங்குகிறதே என்று கேட்பார்கள். மீன் இன்னும் விறைப்பில் இருக்கிறது என்று பொருள். விறைப்பாக இருக்கும் மீனை முள் நீக்கித் துண்டு போடப் போனால் சதை கிழியும். குழம்புக்கு அன்றே வைக்கலாம். வறுவலுக்கு ஐஸோடு ஒரு ராத்திரி விட்டு மறுநாள் வெட்டினால் துண்டு பாந்தமாக நிற்கும். ரத்தம் இறங்கிய மீனை மறுநாள் வெட்டும்போது முள்ளோரம் கறுப்பு இருக்காது, சதை கண்ணாடியாகத் தெரியும். ஒரே பாரில், ஒரே காலையில் பிடித்த இரண்டு பாரை மீன்களில் ஒன்றை இப்படியும் ஒன்றை முன்பிருந்த வழக்கப்படியும் கொண்டுவந்து பக்கத்தில் பக்கத்தில் வறுத்துப் பார்த்தோம். வீட்டில் சின்னப் பிள்ளைகள்கூட எது எது என்று கண்டுபிடித்துவிட்டார்கள்.

பெட்டியைக் கழுவுவது அன்று இரவே. முதலில் பச்சைத் தண்ணீர், பிறகுதான் சோப்பும் வெந்நீரும். வெந்நீர் முதலில் பட்டால் ரத்தம் வெந்து ஒட்டிக்கொள்ளும். குழாய்க்குள் பாட்டில் பிரஷை விட்டுத் தேய்த்து, மூடியைத் திறந்தே வைத்துக் காயவிடுவோம். ரப்பர் பீடிங்கை உப்பும் வெயிலும் சேர்ந்து சாப்பிடுகிறது, வருஷத்துக்கு ஒரு தடவை மாற்ற வேண்டியிருக்கும் என்று தோன்றுகிறது. மற்றபடி வெளிப்பூச்சில் கீறல் விழுந்த இடங்களுக்குக் கொஞ்சம் ஜெல்கோட் தொட்டு வைப்பதுதான் பராமரிப்பு.

மாமா இப்போது அவருடைய படகுக்கே ஒன்று கேட்டிருக்கிறார். அணியத்துக்கு (படகின் முன்பகுதிக்கு) பின்னால் இருக்கும் குறுக்குப் பலகைகளுக்கு இடையே பொருந்த வேண்டும், அதனால் நீளம் குறைந்து ஆழம் கூடும். தொழிலுக்குப் போகிற படகில் பெட்டிமேல் ஆள் ஏறி நிற்பார்கள், ஆகவே மூடிக்கு 12 மி.மீ. பலகையும் இரண்டு அடுக்கு மேட்டும். இந்தத் தடவை தெர்மாகோல் வேண்டாம், வெட்டிய பஃப் பலகை கிடைக்கிறது, 75 மி.மீ. அதையே வைக்கலாம் என்று பேசியிருக்கிறோம். பஃப் பலகையை ரெசின் கரைக்காது. ஆனாலும் ஒழுக்குச் சோதனை முடியாமல் மேலே எதையும் சுற்றுவதில்லை. அளவெடுத்தாயிற்று, பலகை வாங்கியாயிற்று. வெயில் கொஞ்சம் தணிந்ததும் மாடியில் வேலை ஆரம்பிக்கும்.